செய்தியின் நம்பகமும் வலைப்பதிவும்

செய்தித்தாளில் வருவது நம்பத்தக்கது, வலைப்பதிவில் வருவது நம்பத்தகாதது என்னும் பாகுபாடு கற்றாரிடையேயும் வழங்குகின்றது. முன்னதற்கு ஆசிரியர் குழு உண்டு, பின்னதற்கு அஃது இல்லை என்பதே காரணமாகக் கூறப்படும். இக்கொள்கை எத்துணைப் பொருந்தும் என்பதை அமெரிக்க நாட்டில் 2004-இல் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அவ்வாண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் சி.பி.எஸ். தொலைக்காட்சி, குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் இளமையில் டெக்சாஸ் வான்படைக் காவற்பிரிவில் தம் கடமையினின்று வழுவினார் எனக் காட்டும் குறிப்புகள் சிலவற்றை வெளியிட்டது. 1972, 1973 ஆகிய ஆண்டுகளில் அவர்தம் மேலதிகாரி ஜெரி கில்லியன் எழுதியவை அவை எனப்பட்டது. கில்லியனோ 1984-இலேயே மறைந்தவர். செய்தியை வழங்கிய டான் ராதர் நெடுங்காலம் புகழ் பெற்ற செய்தியாளர்.

அன்றிரவே ஐயம் எழுந்தது. வலைப்பதிவர் நோக்கியது பொருளை அன்று, எழுத்தமைதியை. எழுத்துக்களின் இடைவெளியும், எண்ணை அடுத்து மேலேறிச் சிறுத்து நின்ற எழுத்தும் அக்காலத் தட்டச்சுப் பொறிக்கு இயல்பல்ல என்றனர். சார்லஸ் ஜான்சன் என்பார் ஒரு குறிப்பை இக்காலக் கணினியில் தட்டச்சிட்டு, வெளிவந்த படியின்மேல் பொருத்திக் காட்டினார். இரண்டும் பெரிதும் ஒத்தன. எழுத்தின் வடிவு கொண்டு ஏட்டின் காலத்தை ஆராய்வது சுவடிப் பயிற்சி உடைய நமக்குப் புதிதன்று. இவர்களை வீட்டில் இரவு உடையோடு அமர்ந்து எழுதுவோர் என அந்நிறுவனத்தின் முன்னாள் அலுவலர் ஒருவர் எள்ளினார். எழுதுவோன் உடைக்கும் சான்றின் வலிமைக்கும் என்ன இயைபு என்பது நமக்கு விளங்கவில்லை.

ஆயினும் வலைப்பதிவரும் வழுவினர். இடைவெளி வேறுபடுத்தும் பொறியே 1972-இல் இல்லை என்று சிலர் எழுதியது பிழை; ஐ.பி.எம். நிறுவனத்தார் அத்தகைய பொறியை 1940-களிலேயே விற்றனர். அரிது என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. முடிபு சரியாயினும் ஏது வழுவுடைத்தாதல் கூடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. மேலும், அவர்தம் ஐயம் நாடறிந்த செய்தியாக நிலைபெற்றது, வாஷிங்டன் போஸ்ட் முதலிய இதழ்கள் வல்லுநரை வினவி எழுதிய பின்னரே யாம்.

சி.பி.எஸ். செய்த பிழை இன்னும் பெரிது. அதன் கையில் இருந்தவை படிகளே. மூலங்களை எரித்துவிட்டதாகக் கொடுத்தவர் கூறினார். வினவப்பெற்ற ஆய்வாளருள் இருவர், ஒளிபரப்புக்கு முன்னரே ஐயம் தெரிவித்ததாகப் பின்னர்க் கூறினர். மூலம் இல்லாத படியை ஏற்கும் பதிப்பாசிரியன், அது வந்த வழியையேனும் ஆராய்தல் வேண்டும் அன்றோ? அதுவும் செவ்வனே நிகழவில்லை. பன்னிரண்டு நாள் வாதாடிய பின், செப்டம்பர் 20-இல், குறிப்புகளின் மெய்ம்மையை நிறுவ இயலவில்லை என அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. தார்ன்பர்க், பொக்கார்டி ஆகியோர் அடங்கிய தனிக்குழு 2005 சனவரியில் அறிக்கை அளித்தது. விரைந்து ஒளிபரப்பியதையும் கண்மூடி வாதாடியதையும் அது கடிந்தது. ஒருவர் நீக்கப்பட்டார், மூவர் விலகுமாறு கேட்கப்பட்டனர்.

தன் பிழையை ஆராயத் தானே ஒரு குழுவை அமைத்த நிலை இதழியலுக்கு உரியது. பொறி பற்றிய பிழையை எழுதிய வலைப்பதிவரை வினவ எக்குழுவும் அமையவில்லை. இவ்வேறுபாட்டை நாம் மறுக்கவில்லை. ஆசிரியர் குழு இருத்தல் ஒன்றே செய்திக்குச் சான்றாகும் என்பதையே மறுக்கின்றோம். குறிப்புகள் போலி என அத்தனிக்குழுவும் துணிந்து கூறவில்லை என்பது பலரும் கருதாது விடும் செய்தி. மூலம் கிடைக்காமையின், அவற்றை எழுதியவர் யார் என்பது இன்றும் துணியப்படவில்லை.