வாசல் வரை வந்த மாத்திரை

"பெரியப்பா, கையை நீட்டுங்க. அளந்து முடியற வரைக்கும் பேசாதீங்க."

தெருக்கோடி வீட்டுப் பெண்தான். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர். பட்டையைச் சுற்றி அளந்தாள், பிரஷர் 150க்கு 90. செல்போனில் ஏற்றினாள். ஒரு மாதத்துக்கான சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கொரோனாவுக்கு முன்பு இதே வேலை எனக்கு அரை நாள். வெறும் வயிற்றோடு பஸ் ஏற வேண்டும். ஓபி சீட்டுக்கு ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒன்று, டாக்டருக்கு ஒன்று, மாத்திரை ஜன்னலில் இன்னொன்று. ஊரடங்கில் பஸ் நின்றதும் இருந்த மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டு நாளை ஓட்டினேன். சுகர்காரர்களைத்தான் கொரோனா அதிகம் படுத்துகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இந்தத் திட்டம் தொடங்கியபோது, இரண்டு மாதத்தில் ஓய்ந்துவிடும் என்றே நினைத்தேன். ஓயவில்லை. 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கிக் கிடங்குகளில் வைத்து அனுப்பும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. அது இல்லையென்றால் இவள் பை காலியாகத்தான் வந்திருக்கும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும்கூட வீட்டுக்கே போகின்றன. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

என் உறுத்தல் அந்த 150. போன மாதமும் ஏறக்குறைய அதுதான். டோஸைக் கூட்டும் அதிகாரம் அவளுக்கு இல்லை, இருக்கவும் கூடாது. செல்போனுக்குள் போன எண்ணைப் பார்த்து ஒரு டாக்டர் என்னைக் கூப்பிட்டதும் இல்லை. மாத்திரை வீட்டுக்கு வந்ததில், நான் டாக்டரைப் பார்ப்பதே நின்றுபோனது. பழைய வரிசையில் கால் கடுத்தாலும், கடைசியில் ஒருவர் நோட்டைப் புரட்டிப் பார்ப்பார்.

இது என் ஒருவன் குறை அல்ல. தமிழகத்தில் 2020இல் எடுத்த கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது, சர்க்கரையில் 10.8. அடுத்த சுற்றில் இரண்டுமே 17 சதவீதத்தை ஒட்டி வந்தன. ஏற்றம்தான். ஆனால் இன்னும் ஆறு பேரில் ஐந்து பேருக்குக் கட்டுக்குள் இல்லையே! அதோடு, பகலில் வந்து கதவைத் தட்டினால் வேலைக்குப் போனவர் எப்படி அகப்படுவார்? பக்கத்து வீட்டுக் கொத்தனாருக்கும் சுகர். இவள் வரும் நேரத்தில் அங்கே பூட்டுதான் தொங்குகிறது.

அதற்காக இவளைக் குறை சொல்லவில்லை. தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகைக்கு இவளைப் போன்ற தன்னார்வலர்கள் படியேறி இறங்கினார்கள். சம்பளம் என்று சொல்லாமல் ஊக்கத்தொகை என்பதில் அரசுக்கு ஒரு வசதி இருக்கிறது.

எனக்கு வேண்டியது பெரிய கட்டடம் அல்ல. இரண்டு மாதம் தொடர்ந்து அளவு கூடியிருந்தால், அவள் செல்போனிலிருந்தே ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்கு ஒரு நாளும் நேரமும் குறித்துத் தர வழி இருக்க வேண்டும். அதை அவளிடமே சொன்னேன்.

"அதெல்லாம் இதுல வராது பெரியப்பா. நீங்களே ஒரு நாள் காலையில சீக்கிரமா போய் வரிசையில நின்னுடுங்க" என்றாள்.