‘ஹெட் ஹன்டர்ஸ்’: ஜனரஞ்சகமும் கலைக்கடனும்

பெருந்தொகையான மக்களைச் சென்றடையும்போது ஒரு கலைஞனின் கலை தாழ்வுறுகின்றதா என்னும் வினா, இலக்கியத்துறையில் மட்டுமன்றி இசைத்துறையிலும் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருவதாகும். அமெரிக்கக் கறுப்பின இசைக்கலைஞரான ஹெர்பி ஹான்கொக் 1973 ஒக்ரோபரில் வெளியிட்ட ‘ஹெட் ஹன்டர்ஸ்’ என்னும் இசைத்தட்டு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியது. ஜாஸ் இசையையும் ஆடலுக்குரிய ஃபங்க் இசையையும் இணைத்த இத்தட்டு பத்து இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையானது. ஜாஸின் தூய்மையை வற்புறுத்தியோர் இதனைச் சந்தைக்கு விலைபோன படைப்பென்றனர். அக்குற்றச்சாட்டுப் பொருந்துமா, பொருந்தாதெனின் இப்படைப்பை நோக்கி எழுப்பவேண்டிய வினா யாது என்பனவற்றை இங்கு நோக்குவோம்.

1940 இல் சிக்காகோவிற் பிறந்த ஹான்கொக், பதினொரு வயதிலேயே அந்நகரின் சிம்பொனி வாத்தியக்குழுவுடன் மோசார்ட்டின் இசையைப் பியானோவில் வாசித்தவர். 1963 முதல் 1968 வரை மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழுவில் பணியாற்றினார். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் நடத்திய ‘முவாண்டிஷி’ குழு துணிந்த பரிசோதனைகளில் ஈடுபட்டதாயினும், அதனைக் கேட்டோர் தொகை சிறிதாகவே இருந்தது. 1973 இல் அக்குழு கலைந்தபின், பெனி மோப்பின் ஒருவரை மட்டும் உடன்வைத்துக்கொண்டு புதிய குழுவை அமைத்தார். இப்பின்னணியை நோக்கும்போது, அவரது திசைமாற்றத்திற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், காரணத்தைக் கொண்டு மட்டும் படைப்பை மதிப்பிடுதல் திறனாய்வாகாது.

தட்டின் முதற் படைப்பான ‘கமிலியன்’, அதாவது ‘பச்சோந்தி’, பதினைந்து நிமிடங்களுக்கு மேல் நீள்கின்றது. ஆர்ப் ஒடிசி என்னும் மின்னணுக் கருவியில் ஹான்கொக் வாசிக்கும் தாழ்ந்த சுரத்தொடர் ஒன்றே அதன் அடித்தளம். ஹார்வி மேசனின் மேளமும் போல் ஜக்சனின் பேஸ் கிட்டாரும் பில் சமர்ஸின் தாளக்கருவிகளும் மோப்பினின் சக்ஸபோனும் அதன்மீது படிப்படியாக இணைகின்றன. ஃபங்க் குழுக்களில் கிட்டார் ஆற்றும் பணியை இங்கு கிளவினெட் என்னும் விசைப்பலகைக் கருவி ஆற்றுகின்றது. முதற்பகுதியில் ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகள் இரண்டே. ஆயினும் அது சலிப்பூட்டுவதில்லை. முன்னைய ஜாஸில் சுரக்கூட்டுகளின் இடையறாத மாற்றத்தில் வெளிப்பட்ட நுட்பம், இங்கு தாளத்துக்கும் ஒலியின் நிறத்துக்கும் இடம்பெயர்ந்துள்ளது. பிற்பகுதியில் வரும் ஃபென்டர் ரோட்ஸ் மின்பியானோ வாசிப்பு, டேவிஸ் குழுவிற் பயின்ற கற்பனை குன்றவில்லை என்பதற்குச் சான்று. இடையில் வேகம் திடீரென மாறும் ‘ஸ்லை’யும், மிக மெதுவாக நகரும் ‘வெயின் மெல்ட்ட’ரும் எளிதில் ஆடுதற்குரியனவல்ல. ஆதலின் விலைபோன கலை என்னும் தீர்ப்பு நிலைபெறாது.

உண்மையான வினா ‘வோட்டமெலன் மேன்’ என்னும் படைப்பிலே தோன்றுகின்றது. சிக்காகோவின் சந்துகளில் வண்டியுடன் வந்த வத்தகப்பழ வியாபாரியின் நினைவிலிருந்து உருவாகி, 1962 இல் முதன்முதல் பதிவான பாடல் இது. 1973 இல் அதற்கு முற்றிலும் புதிய வடிவம் தரப்பட்டது. பில் சமர்ஸ் பியர்ப் போத்தலில் ஊதியெழுப்பும் ஒலியுடன் அது தொடங்குகின்றது. மத்திய ஆபிரிக்காவின் பா-பென்செலே மக்கள், ஒரே சுரம் தரும் குழலையும் தம் குரலையும் மாறிமாறி ஒலிக்கச்செய்யும் ‘ஹிண்டேவு’ முறையின் போலச்செய்தல் இதுவாகும். அவ்விசை 1966 இல் யுனெஸ்கோ தொகுப்பில் இசைத்தட்டாக வெளிவந்திருந்தது. எனினும் ஹான்கொக்கின் தட்டுறையில் அம்மக்களின் பெயர் இடம்பெறவில்லை.

கறுப்பின அமெரிக்கர் தம் ஆபிரிக்க வேர்களைத் தேடிய காலம் அது. அத்தேடலின் நேர்மையை ஐயுறவேண்டியதில்லை. ஆயினும், உறவுரிமை கடனை அழித்துவிடாது. 1994 இல் பாடகி மடோனா ‘சாங்சுவரி’ என்னும் பாடலில் இப்பதிவின் பகுதியைப் பயன்படுத்தியபோது, ஹான்கொக்கின் பெயர் ஆக்கியோர் வரிசையில் முறைப்படி இடம்பெற்றது. காட்டில் அம்முறையைப் பேணிவந்தோருக்கு அவ்விடம் கிடைக்கவில்லை. இசையியலாளர் ஸ்டீவன் பெல்ட் 1996 இல் எழுதிய கட்டுரை இவ்வநீதியை விரிவாக ஆராய்ந்தது. பதிப்புரிமைச் சட்டம் தனிமனித ஆக்கத்தை எளிதில் இனங்காண்கின்றது. பெயரறியாக் கூட்டத்தின் ஆக்கத்தை அது பொதுச்சொத்தெனக் கொள்கின்றது. நாட்டார் கலைகள் பலவற்றுக்கும் நேர்ந்த கதி இதுவே எனலாம்.

எனவே, ‘ஹெட் ஹன்டர்ஸ்’ மக்களை நோக்கிச் சென்றமைக்காகக் கண்டிக்கப்படவேண்டியதன்று. அதன் கலைச்சிறப்பு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் செவிப்புலனாகின்றது. பா-பென்செலே மக்களிடமிருந்து பெற்றதைப் பெயர்சுட்டி ஏற்காமையே அதன் குறை. ஒரு படைப்பு எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று கணக்கிடும் நாம், அது எவரிடமிருந்து பெற்றது என்பதையும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். அவ்வினாவை எழுப்பாத இரசனை முழுமையான இரசனையாகாது.