தென்றல் வரும் திசையில் கல்பாக்கம்

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து ஏனங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்த நேரம். சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் 8.6 அளவில் பூமி அதிர, குரோம்பேட்டை ராதா நகரில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டு டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. எல்லோரும் படியிறங்கித் தெருவுக்கு ஓடினோம். பெரியம்மா மட்டும் உடனே வரவில்லை. சமையலறையின் தெற்கு ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, குடத்துத் தண்ணீரைத் தட்டு போட்டு மூடிவிட்டுத்தான் இறங்கி வந்தார். "கட்டடமே ஆடுது, ஜன்னலுக்கு என்ன பெரியம்மா அவசரம்?" என்று கேட்டேன். "கல்பாக்கம் அந்தப் பக்கந்தானேடா இருக்கு" என்றார்.

ஃபுகுஷிமா நடந்து பதின்மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அணு உலைக்கு எதிரான இடிந்தகரைப் போராட்டம் தினமும் செய்தியில் வந்துகொண்டிருந்த காலம். அன்று கல்பாக்கத்தில் ஒன்றும் ஆகவில்லை. அவர் செய்ததை அறியாமை என்று நான் ஒதுக்கினேன். பிறகு இந்த விஷயத்தைப் படிக்கப் படிக்க, அந்த முடிவு அவசரத்தில் எடுத்தது என்று புரிந்தது. அணு உலைக்குப் பக்கத்தில் வாழும் மக்களின் பயத்தைப் பற்றி இங்கே இரண்டே குரல்கள்தான் கேட்கின்றன. ஒன்று, எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது, பயம் வீண் என்கிறது. மற்றது, நாளையே ஃபுகுஷிமா வரும் என்கிறது. இரண்டையும் ஆதாரத்தோடு உரைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கல்பாக்கத்துக்கு ஆதரவாக எப்போதும் நிறுத்தப்படும் சாட்சி 2004 டிசம்பர் 26. அன்று அங்கிருக்கும் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. சுனாமி நீர் பம்ப் ஹவுஸுக்குள் ஏறியது, கடல்நீர் இறைக்கும் பம்புகள் மூழ்கின. பணியிலிருந்தவர்கள் உலையை நிறுத்திக் குளிர்வித்தார்கள். கதிரியக்கம் எதுவும் வெளியேறவில்லை. சில நாட்களிலேயே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியோடு உலை மறுபடி ஓடியது. அதே அலையில் நகரியத்தில் உயிர்கள் போயின. அதிவேக ஈனுலைக்காகத் தோண்டியிருந்த அஸ்திவாரப் பள்ளம் கடல்நீரால் நிரம்பியது. இவை எல்லாம் உண்மை. உலையை நிறுத்தியவர்களின் நிதானத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்தச் சாட்சி எதை நிரூபிக்கிறது? 2004-இல் கல்பாக்கத்துக்கு வெளியிலிருந்து வரும் மின்சாரம் அறுபடவில்லை. நிலநடுக்கம் வெகு தொலைவில் நடந்தது. வந்தது தண்ணீர் மட்டும். ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று 9.0 அளவிலான நிலநடுக்கம் முதலில் வெளி மின் இணைப்பைத் துண்டித்தது. ஒரு மணி நேரத்துக்குள் 14, 15 மீட்டர் அலை வந்து டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. நிலையத்துக்கென்று கணக்கிட்டிருந்த சுனாமி உயரமோ 5.7 மீட்டர். மின்சாரம் இல்லை, குளிர்விக்க வழியில்லை; மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. கல்பாக்கம் எழுதிய தேர்வில் அந்தக் கடினமான கேள்வி இடம்பெறவே இல்லை. அதில் தேறியதை வைத்து எல்லாத் தேர்விலும் தேறுவோம் என்று சொல்வது சரியான வாதம் அல்ல.

அதற்காக மற்றக் குரல் சொல்வதும் நிற்காது. ஜப்பானின் கடல் பள்ளம் கரையிலிருந்து சுமார் இருநூறு கிலோமீட்டரில் இருக்கிறது. தமிழகக் கடற்கரைக்கு அப்படி ஒரு பள்ளம் பக்கத்தில் இல்லை. சுமத்ரா அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே நிலநடுக்கம் மின் கம்பத்தையும் சாய்த்து, அலையையும் அனுப்பும் ஏற்பாடு நம் கடலடியில் இல்லை. 2002-இல் சென்னையை நிலநடுக்க வரைபடத்தின் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினார்கள். அது எச்சரிக்கைதான், ஆனால் ஜப்பானோடு ஒப்பிடத்தக்க ஆபத்து இல்லை. உலையின் வகையும் வேறு. சென்னை அணுமின் நிலையத்தில் இருப்பவை கன நீர் உலைகள். 1993 மார்ச் 31 அன்று உத்தரப்பிரதேசத்து நரோராவில் இதே வகை உலையில் டர்பைன் தகடு உடைந்து தீப்பிடித்து, பல மணி நேரம் நிலையமே இருளில் கிடந்தது. தீயணைப்புப் பம்புத் தண்ணீரைக் கொண்டு உலையைக் காப்பாற்றினார்கள். மையக்கரு உருகவில்லை. இது வடிவமைப்புக்குச் சாதகமான ஆதாரம். கூடவே இன்னொன்றையும் சொல்கிறது: உலை இருளில் மூழ்க நிலநடுக்கமோ சுனாமியோ தேவையே இல்லை. நம் பொது விவாதம் பூகம்பத்தையே சுற்றிச் சுற்றி வருவது ஒரு பிழை.

ஈனுலையை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 500 மெகாவாட் உலை, குளிர்விக்கத் திரவ சோடியம். தண்ணீர் பட்டால் வெடிப்போடு எரியும் உலோகம் அது. நரோராவைக் காப்பாற்றிய தீயணைப்புத் தண்ணீர் அங்கே உதவிக்கு வராது. கன நீர் உலைகளின் நற்சான்றை இதற்கு மாற்றிக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

அடுத்தது தூரம். கல்பாக்கம் உலைகளிலிருந்து குரோம்பேட்டை நேர்க்கோட்டில் சுமார் 44 கிலோமீட்டர், ஏறக்குறைய நேர் வடக்கு. அவசரகாலத் திட்ட எல்லை 16 கிலோமீட்டரில் முடிகிறது. அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறோம், நமக்கென்ன என்ற நிம்மதி இங்கே பலருக்கு உண்டு. ஃபுகுஷிமா மாவட்டத்து இட்டாத்தே கிராமத்துக்கும் அந்த நிம்மதி இருந்தது. அதன் பெரும்பகுதி உலையிலிருந்து 30 கிலோமீட்டருக்கு அப்பால். கடலோரத்திலிருந்து தப்பி வந்தவர்களுக்குச் சோறு போட்டு இடம் கொடுத்த ஊர் அது. மார்ச் 15 அன்று காற்று அந்தப் பக்கம் திரும்பியது. மழையும் பனியும் கலந்து விழ, காற்றில் இருந்த சீசியம் அந்த மண்ணிலேயே இறங்கியது. வெளியேறும்படி அரசு அந்த ஊருக்குச் சொன்னது ஏப்ரல் மாதத்தில். காம்பஸ் வைத்துப் போட்ட வட்டத்தைக் காற்று மதிக்கவில்லை.

நம் காற்றை நாம் அறிவோம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்று, கல்பாக்கத்தில் கிளம்பும் எதையும் எங்களை விட்டு விலக்கிக்கொண்டு போகும். பங்குனி, சித்திரையில் தெற்கிலிருந்து தென்றல் வரும். பெரியம்மா ஜன்னலைச் சாத்தியது பங்குனிக் கடைசியில். அணு விபத்தின்போது முதல் மணி நேரங்களில் பொதுமக்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை என்ன? வீட்டுக்குள் இருங்கள், கதவு ஜன்னலைச் சாத்துங்கள், குடிநீரையும் உணவையும் மூடி வையுங்கள். யாரும் சொல்லித் தராமலே அவர் இரண்டைச் செய்திருந்தார்.

தண்ணீரைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஃபுகுஷிமாவிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் டோக்கியோவில், மார்ச் 22 அன்று கனமாச்சி சுத்திகரிப்பு நிலையத்துக் குடிநீரில் ஒரு கிலோவுக்கு 210 பெக்கரல் அயோடின்-131 இருந்தது. கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100, பெரியவர்களுக்கு 300. மறுநாளே எண்ணை வெளியிட்டு, கைக்குழந்தைகளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்து, பாட்டில் தண்ணீர் விநியோகித்தார்கள். இப்போது நம் பக்கம் பாருங்கள். நெம்மேலியின் கடல்நீர்க் குடிநீர் ஆலை கல்பாக்கத்துக்கு வடக்கே 16 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அதன் பக்கத்தில் பேரூரில், ஜப்பானியக் கடனுதவியோடு, நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். தென் சென்னையும் புறநகரும் வருங்காலத்தில் குடிக்கப்போவது பெரும்பாலும் அந்தக் கடலைத்தான். உலையிலிருந்து ஏதாவது கடலுக்குள் கலந்தால் இந்த ஆலைகளின் உறிஞ்சு குழாயை யார், எத்தனை மணி நேரத்துக்குள், எந்த அளவீட்டைப் பார்த்து மூடுவார்கள்? காற்றைவிட எனக்கு இதுதான் பெரிய கேள்வி.

இனி கதிர்வீச்சின் தீங்கு. இங்கே பயம் ஆதாரத்தை மீறிப் போகிறது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு பத்தாண்டு கழித்து மறுபடி ஆய்ந்தபோதும், ஃபுகுஷிமா மக்களிடையே கதிர்வீச்சால் நேரடியாக வந்தது என்று சொல்லத்தக்க உடல்நலக் கேட்டைக் காணவில்லை. பணியாளர் ஒருவரின் நுரையீரல் புற்றுநோய் மரணத்தை ஜப்பான் அரசு 2018-இல் வேலை சார்ந்ததாக ஏற்றது. நம் பக்கத்திலேயே, கொல்லத்து மோனசைட் மணல்மீது தலைமுறைகளாக வாழும் கருநாகப்பள்ளி மக்கள் 69,958 பேரைத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் கண்காணித்தது. இயற்கைக் கதிர்வீச்சு கூடிய இடங்களில் புற்றுநோய் கூடியதாக 2009-இல் வந்த அந்த ஆய்வு காணவில்லை. குறைந்த அளவு, நீண்ட காலம் என்பதற்குத்தான் இது பொருந்தும். விபத்துக்கு அப்படியே பொருந்தாது. செர்னோபிலில் பால் வழியே அயோடின் குடித்த குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது, மறுக்க முடியாத உண்மை. அந்தப் பாலை உடனே நிறுத்தியிருந்தால் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம் என்பதும் உண்மைதான்.

மாறாக, ஃபுகுஷிமா மாவட்டத்தில் 2,300-க்கு மேற்பட்டவர்கள் இறந்ததாகப் பதிவானது வெளியேற்றமும் அதன் பின்விளைவுகளும் காரணமாக. ஃபுத்தாபா மருத்துவமனை நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றி அலைக்கழித்ததில் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். இதைப் படிக்கும்போது எனக்குத் தாம்பரம் சானடோரியம்தான் கண்முன் வருகிறது. ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கும் நெஞ்சக நோயாளிகளை எந்த வண்டியில் ஏற்றி, எங்கே கொண்டுபோவது? பொங்கலுக்கு முந்தைய இரவில் பெருங்களத்தூரில் வண்டிகள் நிற்கும் நிலையைப் பார்த்த எவரும், ஜி.எஸ்.டி. ரோடு வழியாகத் தப்பிப்போகலாம் என்று சொல்ல மாட்டார்கள். எங்களுக்கு ஓட்டம்தான் மிகப் பெரிய ஆபத்து. ஓட வேண்டாம், இரு என்று நம்பும்படி சொல்ல ஒருவர் வேண்டும்.

நம்பும்படி சொல்வது யார் என்பதில்தான் அதிகாரப்பூர்வக் குரல் அடியோடு தோற்கிறது. 2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கத்து மறுபதப்படுத்தும் ஆலையில் வால்வு பழுதாகி, ஆறு பணியாளர்கள் ஆண்டு வரம்பைத் தாண்டிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். பொதுவெளியில் அதை ஒப்புக்கொண்டது ஆகஸ்டில், தொழிலாளர் சங்கம் குரல் எழுப்பிய பிறகு. ஜப்பானும் இதில் யோக்கியம் இல்லை. 1995-இல் மொஞ்சு ஈனுலையில் சோடியம் கசிந்தபோது காணொளியை மறைத்தார்கள். 2011-இல் கதிரியக்கம் எந்தப் பக்கம் போகும் என்று கணித்த கணினிக் கணக்கு அரசிடம் இருந்தும், நமியே ஊர் மக்கள் கதிரியக்கம் போன திசையிலேயே தஞ்சம் போனார்கள். இது மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று அந்த நாட்டு நாடாளுமன்றம் அமைத்த குழுவே 2012-இல் எழுதியது. அதே ஆண்டு நம் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், 1983-இல் தொடங்கிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டத் தன்னாட்சி இல்லை, நாடு தழுவிய கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கொள்கையைக்கூட அது வகுக்கவில்லை என்று சுட்டினார். வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தரும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2025 டிசம்பரில். பதின்மூன்று ஆண்டு.

எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு உலோகம் இருக்கிறது. குரோம் லெதர் கம்பெனி இருந்த பேட்டை, குரோம்பேட்டை. பல்லாவரம் தோல் ஷாப்புகளின் கழிவோடு வாழ்ந்த பகுதி இது. கெட்ட தண்ணீர் எப்படி நாறும் என்று இங்கே பெரியவர்களுக்குத் தெரியும். நிறம் மாறிய கிணற்றுத் தண்ணீரை ஒரு வாளியில் மொண்டு அதிகாரியின் மேசைமேல் வைத்து, "நீங்க குடிங்க சார்" என்று கேட்கலாம். சீசியத்துக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. அதை அறிய இன்னொருவர் கையிலிருக்கும் கருவியைத்தான் நம்ப வேண்டும். அந்தக் கருவியை வைத்திருப்பவர் ஒருமுறை ஆறு மாதம் வாய் திறக்காமல் இருந்தவர் என்றால், மக்கள் பயத்தை அறிவியல் அறியாமை என்று அழைப்பது அநியாயம்.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகத்தான் வரும். கல்பாக்கத்தில் நிலநடுக்கத்தால் ஃபுகுஷிமா நடந்து குரோம்பேட்டை அழியும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் போதாது. அதை நான் ஏற்கவில்லை. ஏதாவது நடந்தால் நமக்கு நேரத்தில் சொல்ல மாட்டார்கள் என்ற சந்தேகத்துக்கு ஆதாரம் நிறைய இருக்கிறது. அதை முழுவதுமாக ஏற்கிறேன். கல்பாக்கத்தைச் சுற்றிக் காற்றையும் மண்ணையும் பாலையும் மீனையும் சோதிக்கும் ஆய்வகம் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. ஜப்பானில் இன்று கதிர்வீச்சு அளவை எவரும் போனிலேயே பார்க்கலாம். கல்பாக்கத்தின் அன்றைய அளவைப் பார்த்தேன் என்று சொல்லும் ஒருவரைக்கூடக் குரோம்பேட்டையில் நான் சந்தித்ததில்லை. தாம்பரம் மாநகராட்சி அலுவலக வாசலில் ஒரு பலகை, அதில் இன்றைய எண், காற்றின் திசை, நெம்மேலித் தண்ணீரின் சோதனை முடிவு. 16 கிலோமீட்டருக்கு வெளியே இருக்கும் எங்களுக்கும், ஓட வேண்டாம், இன்னின்னது செய்யுங்கள் என்று தமிழில் ஒரு பக்கம். இதற்கு உலை கட்டும் செலவில் ஒரு துளிகூட ஆகாது.

பெரியம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. போன பங்குனியில், கல்பாக்கத்தில் ஏதாவது ஆனால் நமக்கு எப்படித் தெரியும் என்று என்னிடம் கேட்டார். டிவியில் சொல்வார்கள் என்றேன். "எப்போ?" என்று கேட்டார்.