பழசைக் கொண்டாங்க

மரம் அறுக்கிற பவர் சா மிஷினை ரிப்பேர் செய்வதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், நல்ல மெக்கானிக் ஒருவர் அதன் கார்புரேட்டரைப் பிரிப்பதைப் பார்த்ததில்லை என்றுதான் அர்த்தம்.

தூத்துக்குடி மாநகராட்சியின் வடக்கு விளிம்பை ஒட்டிய மாப்பிள்ளையூரணிப் பக்கம் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. கடலோரம் உப்பளம், உள்ளே போனால் சீமைக்கருவேலம். அந்த மரத்தை அகற்றச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டது, மரம் அசரவில்லை. விளாத்திகுளம் வரை அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குகிறவர்கள் உண்டு. இவர்களில் பலர் கையில் இருப்பது ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய்ச் சீன மிஷின். பெரிய கம்பெனி மிஷின் இதைப் போலப் பல மடங்கு விலை. ஆகவே மலிவு மிஷினை வாங்குவது முட்டாள்தனம் என்று நகரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது பழுதாகும் என்று தெரிந்தே வாங்குகிறார்கள்.

ஸ்டிக்கரில் ஆளுக்கொரு பெயர் இருக்கும். கடைக்காரரிடம் போய் அந்தப் பெயரைச் சொல்லி ஸ்பேர் கேட்டால் கிடைக்காது. "கம்பெனி பேரச் சொல்லாதீய அண்ணாச்சி, பழசக் கழத்திக் கொண்டாங்க" என்பதுதான் பதில். இந்தக் கலையின் பாலபாடம் இதுதான். 45, 52, 58 சிசி என்று விற்கப்படும் இந்த மிஷின்களில் பெரும்பாலானவை ஒரே வம்சம். ஜப்பானிய ஜெனோவா கம்பெனியின் பழைய வடிவத்தைப் பார்த்து எடுத்தவை. பெயர் நூறாக இருந்தாலும் அச்சு ஒன்று என்பதால், ஒன்றின் கிளட்ச் இன்னொன்றில் உட்காரும். தரத்தில் தோற்ற மிஷின் இந்த ஓர் இடத்தில் ஜெயித்துவிடுகிறது.

ஆனால் ஸ்டிக்கர் பொய் சொல்லும், வெர்னியர் சொல்லாது. 58 சிசி என்று எழுதியிருக்கும் மிஷினைப் பிரித்தால் பல சமயம் 45.2 மில்லிமீட்டர் பிஸ்டன் இருக்கும். அந்த விட்டத்துக்கு 58 சிசி வர வேண்டுமானால் ஸ்ட்ரோக் 36 மில்லிமீட்டராவது வேண்டும். அதை அளந்துவிட்டு மெக்கானிக் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே! செயினும் அப்படித்தான். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து இரண்டால் வகுக்க வேண்டும். மொத்தம் பதினாறரை மில்லிமீட்டர் என்றால் பாயின்ட் 325, பத்தொன்பது என்றால் முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது எட்டில் மூன்று. பிறகு செயினைத் தாங்கும் பாரின் பள்ளத்தில் ஓடும் பற்களை எண்ணி, அவற்றின் தடிமனையும் பார்த்தால் எந்த ஊர்க் கடையிலும் சரியான செயினைக் கேட்டு வாங்கலாம். கூப்பிடு தூரத்துத் துறைமுகத்தில் கன்டெய்னர்கள் அடுக்கடுக்காக இறங்கினாலும், இருநூறு ரூபாய் ரப்பர் சாமானுக்குக் கோயம்புத்தூர் பார்சலை எதிர்பார்த்து உட்கார வேண்டியிருப்பது வேறு கதை.

தமிழ்நாட்டில் இந்த வித்தை தழைத்ததற்கு டிவிஎஸ் 50-க்கு நன்றி சொல்ல வேண்டும். 1980-ல் வந்த அந்த வண்டியில் டூ ஸ்ட்ரோக் கற்றுக்கொண்ட கைகள்தான் இன்று பவர் சாவைத் தொடுகின்றன. கரி பிடித்த சைலன்சர், தேய்ந்த ரிங், ஆயில் கலக்கும் அளவு எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கார்புரேட்டரில்தான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. மொபெட்டில் மிதவை இருக்கும். பவர் சாவைச் சாய்த்து, கவிழ்த்து, தலைகீழாகப் பிடித்தெல்லாம் அறுப்பதால் மிதவை உதவாது. அந்த இடத்தில் மெல்லிய டயாஃப்ரம் இருக்கிறது. கிராங்க் கேஸுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும்போது உண்டாகும் அழுத்த மாற்றம், குண்டூசி நுழைகிற அளவு துளை வழியாக வந்து இன்னொரு டயாஃப்ரத்தைத் துடிக்க வைக்கிறது. பெட்ரோல் ஏறுவது அந்தத் துடிப்பில்தான். கேஸ்கட்டைத் திருப்பிப் போட்டால் துளை மூடிக்கொள்ளும். மிஷின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிடும். அரைகுறை ஆட்கள் உடனே புதுக் கார்புரேட்டர் வாங்கச் சொல்வார்கள். தெரிந்தவர் கேஸ்கட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் இந்த ரப்பர்களுக்கு ஆயுசு இன்னும் குறைந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மலிவு ரப்பர் விறைத்துப்போகும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும்வரை ஓடவிட்டு வைத்தால் பாதிப் பழுது வராது. யாரும் செய்வதில்லை.

நான் அதிகம் ரசிப்பது சிலிண்டர் வேலையை. ஆயில் கலக்காமல் ஓட்டியோ, இன்டேக் ரப்பர் கிழிந்து காற்று புகுந்தோ பிஸ்டன் பிடித்துக்கொண்டால் அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் அப்பிவிடும். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, அப்பிய இடத்தில் மட்டும் தடவுவார்கள். அலுமினியம் நுரைத்துக் கரையும். நுரை அடங்கி, அடியிலிருக்கும் முலாம் பளிச்சென்று தெரிந்தால் சிலிண்டர் பிழைத்தது. தண்ணீரில் கழுவி நைஸ் எமரி போட்டுப் புது பிஸ்டன் மாட்டலாம். துடைத்துத் துடைத்துத் தடவியும் நுரை அடங்கவில்லை என்றால் முலாம் போய், சிலிண்டரின் அலுமினியமே கரைகிறது என்று பொருள். நாடி பார்க்கிற வைத்தியர் போல அந்த நுரையைப் பார்த்தே தீர்ப்புச் சொல்கிறார்கள். எந்தப் புத்தகத்தைப் படித்தும் வந்ததல்ல இது.

சின்னச் சின்னத் தந்திரங்களுக்கும் குறைவில்லை. கிளட்ச்சுக்கு இடது மறை. கழற்ற வேண்டுமானால் வழக்கமாக முறுக்குகிற திசையில் சுற்ற வேண்டும். அப்போது பிஸ்டன் நகராமலிருக்க பிளக் துளை வழியே ஸ்டார்ட்டர் கயிற்றை உள்ளே திணித்துவிடுவார்கள். ஸ்குரூடிரைவரைத் திணித்துப் பிஸ்டனைப் பொத்தலாக்குகிறவர்களும் உண்டு, அவர்களை விடுங்கள். காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடைவெளி வைக்க ஒரு விசிட்டிங் கார்டு போதும். உப்புக் காற்றில் ஃப்ளைவீலின் காந்த முகம் துருவேறியிருந்தால் முதலில் எமரி. பிளக்கில் மட்டும் விளையாட்டு கூடாது: மொபெட் பிளக்கின் மறை இதற்கு நீளம் அதிகம், உள்ளே போய்ப் பிஸ்டனை இடிக்கலாம். கடைசியாக மிஷினை ஓட்டி, பாரின் மூக்கை ஓர் அட்டைக்கு நேரே பிடிப்பார்கள். அட்டையில் ஆயில் கோடு விழுந்தால்தான் செயினுக்கு எண்ணெய் வருகிறது என்று ஒப்புக்கொள்வார்கள்.

ஒரு குறை மட்டும் உண்டு. கைக்கு முன்னால் இருக்கும் செயின் பிரேக் உடைந்து வந்தால், ஸ்பேர் இல்லை என்று அதைக் கழற்றிவிட்டு மிஷினைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பாரின் நுனி கட்டையில் பட்டு மிஷின் முகத்தை நோக்கி எகிறும்போது செயினை நிறுத்துவது அந்த ஒரு சாமான்தான். எவ்வளவு கைத்திறன் உள்ள மெக்கானிக்காக இருந்தாலும் சரி, பிரேக் இல்லாமல் கொடுத்தால் வாங்காதீர்கள். பார்சல் வரும்வரை மிஷின் கடையிலேயே கிடக்கட்டும்.