டவுன்ஹில் ஃபிரேம்: கீல்களும் விரிசல்களும்

டவுன்ஹில் மலைச்சைக்கிள் இறங்குவதற்கென்றே செய்யப்பட்ட வண்டி. கேபிள்காரிலோ ஜீப்பிலோ உச்சிக்குப் போய், பாறையும் மரவேரும் மண்டிய சரிவில் மணிக்கு 60 கி.மீ.யைத் தாண்டிக் கீழே வருவதுதான் அதன் வேலை. முன்னால் டபுள் கிரவுன் ஃபோர்க், பின்னால் சக்கரத்தைத் தாங்கி அசையும் ஸ்விங்ஆர்மும் அடியை வாங்கும் ஷாக்கும். இரு சக்கரங்களும் ஏறத்தாழ 200 மி.மீ. ஏறி இறங்க இடம் உண்டு. 1990இல் அமெரிக்காவின் டுராங்கோவில் முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தபோது பின் சஸ்பென்ஷன் அபூர்வப் பொருள். பிறகு வந்த பத்தாண்டுகளில் வண்டிகள் தடித்தன. 2000ஐ ஒட்டி 20 கிலோவைத் தாண்டியவை பல. இன்றைய வண்டி 16, 17 கிலோதான். எடை குறைந்தும் ஃபிரேம் முன்னைவிட அதிகம் தாங்குகிறதென்றால், அதன் உறுதியைக் குழாயின் கனத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது. பின்சக்கரம் எந்தக் கீலில் அசைகிறது, அந்த அசைவு ஷாக்குக்கு எந்த விகிதத்தில் போய்ச் சேர்கிறது என்பதிலேயே ஆயுளின் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது.

இந்த விகிதத்தை லெவரேஜ் என்பர். சக்கரம் 200 மி.மீ. நகர, ஷாக் 75 மி.மீ. அமுங்கினால் சராசரி விகிதம் 2.67. அதே மடங்கில் விசை பெருகும்: பின்சக்கரத்தில் 3,000 நியூட்டன் விழுகிறது என்று கொண்டால், ஷாக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டில் ஏறத்தாழ 8,000 நியூட்டன் வரும். அது சுமார் 800 கிலோ எடைக்குச் சமம். போல்ட்டைத் தாங்கும் அலுமினியக் காதுகள் சில மில்லிமீட்டர் தடிப்பே உள்ளவை. ஃபோஸ் நிறுவனம் நீண்ட ஷாக்கை வைத்து விகிதத்தை 2க்கு இறக்கியது. காதுகளுக்கும் ஷாக்கின் எண்ணெய்க்கும் அது நல்லது. ஆனால் நீண்ட ஷாக்குக்கு இடம் வேண்டும், எடையும் கூடும். பந்தய உலகம் அந்த வழியில் அதிகம் போகவில்லை.

சராசரியைவிட முக்கியம், விகிதம் பயணத்தின் ஊடே எப்படி மாறுகிறது என்பது. தொடக்கத்தில் 3ஐ ஒட்டியிருந்து கடைசியில் இறங்கிவரும் அமைப்பு, சின்னக் கற்களை மென்மையாக விழுங்கி, பெரிய குதியலில் விறைக்கும். விகிதம் இறங்காத அமைப்பில் சுருள் ஸ்பிரிங் ஷாக் கடைசிவரை போய் முட்டும். முட்டிய கணத்தில் ஷாக் வெறும் இரும்புத்தண்டு. மிச்சம் இருக்கும் அடி முழுவதும் ஃபிரேமுக்குள் போகும். பற்றவைத்த மூட்டுகளுக்கான பொறியியல் கணக்கில், மாறிமாறி வரும் தகைவு இருமடங்கானால் ஆயுள் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகச் சுருங்கும். ஆகவே சஸ்பென்ஷனின் வளைகோடு ஓட்டுபவரின் வசதிக்கு மட்டும் உரியதன்று. வெல்டு எத்தனை பருவம் தாங்கும் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது.

எஃகில் ஒரு வரம்புக்குக் கீழான தகைவு எத்தனை லட்சம் முறை வந்தாலும் சேதம் சேராது. அலுமினியத்துக்கு அப்படிப்பட்ட தெளிவான வரம்பு இல்லை. ஒவ்வொரு அடியும் கணக்கில் ஏறும். 6061 என்னும் அலுமினியக் கலவையைப் பற்றவைக்கும்போது வெல்டை ஒட்டிய பகுதி தன் பலத்தில் பாதிக்குமேல் இழந்துவிடுகிறது. அதை மீட்கத்தான் முழு ஃபிரேமையும் 530 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மீண்டும் மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைக்கிறார்கள். இந்த உலைவேலையில் ஃபிரேம் கொஞ்சம் கோணும், நிமிர்த்த வேண்டும். பட்டியலில் எந்தக் கலவை என்று எழுதியிருந்தாலும், இந்த வேலை சரியாக நடந்திருந்தால்தான் அந்தப் பெயருக்கு அர்த்தம்.

விரிசல் எங்கே தோன்றும் என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. டபுள் கிரவுன் ஃபோர்க் நீண்ட நெம்புகோலாக நின்று, தன்னைப் பிடித்திருக்கும் ஹெட் டியூபைப் பின்னோக்கி முறுக்குவதால், கீழ்க்குழாயான டவுன் டியூப் அதனுடன் சேரும் இடத்தின் அடிப்பக்கம் முதலில் களைக்கும். பழைய வண்டிகளில் அங்கே முக்கோணத் தகடு ஒன்றை வெல்டு செய்து வலுவூட்டினார்கள். பார்க்கத் திடமாக இருந்த அந்தத் தகடு சிக்கலைத் தீர்க்காமல் இடம் மாற்றிவைத்த சந்தர்ப்பங்கள் நிறைய: தகடு முடியும் முனையில் விறைப்பு திடீரென அறுபடுகிறது, விரிசல் அங்கே பிறக்கிறது. பெயிண்டில் மயிரிழைபோல ஒரு கோடு, அதற்குள் துடைத்தாலும் போகாத அழுக்கு என்பதே முதல் அடையாளம். அதற்கு முன்பே சிறு கிறீச்சொலி கேட்டிருக்கும். சீட் கிளாம்பையும் பெடலையும் மாற்றிப் பார்த்து அலுத்த பிறகே பலர் ஃபிரேமைச் சந்தேகிக்கிறார்கள்.

கீல்களின் எண்ணிக்கைக்கு வருவோம். ஒற்றைக் கீல் அமைப்பு எளிமையானது: ஒரே ஸ்விங்ஆர்ம், ஒரே அச்சு, இரண்டு பெரிய பேரிங். இங்கிலாந்தின் ஆரஞ்சு நிறுவனம் இந்த வடிவத்தைப் பல்லாண்டு விடாமல் செய்துவந்தது. கழற்றிப் பூட்டுவது சுலபம், தேய்மானம் ஓரிடத்தில்தான். குறை, பிரேக் பிடிக்கும்போது தெரியும். பிரேக்கின் முறுக்குவிசை நேரே ஸ்விங்ஆர்மில் இறங்குவதால், கீல் அமைந்த இடத்தைப் பொறுத்து, பின்பக்கம் விறைத்துக் கற்களில் துள்ளும். ஷாக் நேரே ஸ்விங்ஆர்மில் பொருத்தப்பட்டிருந்தால் பக்கவாட்டு முறுக்கும் அதன் தண்டுக்கே போகும். புஷ் சீக்கிரம் ஆடத் தொடங்கும்.

ஹார்ஸ்ட் லைட்னர் கொண்டுவந்த நான்கு-லிங்க் அமைப்பு இதற்கு விடை தந்தது. செயினை ஒட்டிப் பின்னோக்கி ஓடும் செயின் ஸ்டேயில், பின் அச்சுக்குச் சற்று முன்னால் ஒரு கீல். அதனால் அச்சும் பிரேக்கும் மேலுள்ள சீட் ஸ்டேயோடு சேர்ந்து நகர்ந்து, பிரேக்கின் இழுப்பு சஸ்பென்ஷனை அவ்வளவாகத் தொடாது. அதன் காப்புரிமையை 1998இல் ஸ்பெஷலைஸ்டு வாங்கிக்கொண்டதால், அமெரிக்கச் சந்தையில் மற்றவர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. இன்றைய வகைவகையான லிங்க்குகளில் ஒரு பங்கு பொறியியலின் தேவையால் வந்தது. ஒரு பங்கு வழக்கறிஞர்களுக்குப் பயந்து வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எழுதப்படும் விளம்பர வாசகங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

குட்டை லிங்க் இரண்டின் மேல் பின்பக்கம் முழுவதையும் மிதக்கவிடும் அமைப்புகள் பந்தயத்தில் பெரிதாக வென்றன. டேவ் வீகல் வடிவமைத்த லிங்க் கொண்ட அயர்ன் ஹார்ஸ் சண்டேயில் சாம் ஹில் 2007இல் உலகச் சாம்பியன், 254 மி.மீ. பயணத்தோடு 2002இல் அறிமுகமான சாண்டா குரூஸ் வி10 வரிசையில் ஸ்டீவ் பீட் 2009இல் கான்பெராவில் வென்றார். வடிவமைப்பாளர் சக்கரத்தின் பாதையையும் லெவரேஜையும் தனித்தனியே வரைய முடிவது இவற்றின் பெரும்பலம். விலை பேரிங்கில் செலுத்தப்படுகிறது. லிங்க் குட்டையானதால் ஒவ்வொரு கீலிலும் விசை பெரிது. கீழ் லிங்க் டயர் வாரியிறைக்கும் சேற்றுக்கு நேர் எதிரே இருக்கிறது.

அந்த பேரிங்கை அருகே பார்ப்பது நல்லது. பரவலாகப் பயன்படும் 6902 ரகம்: உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 28, அகலம் 7. நிற்காமல் சுற்றும் அச்சுக்காகவே இது பிறந்தது. சஸ்பென்ஷன் கீலோ முழுச் சுற்றுச் சுற்றாது, 450 மி.மீ. நீள ஸ்விங்ஆர்ம் முழுப் பயணத்துக்கும் 25 பாகைதான் திரும்பும். குண்டுகள் அதே இடத்தில் முன்னும் பின்னும் நசுங்கி ஓடுதளத்தில் பள்ளம் பறிக்கின்றன. கிரீஸ் புதிதாக ஊறிவர வழியில்லை. அதனால் குண்டுகளைப் பிரித்துவைக்கும் கூண்டை எடுத்துவிட்டு உள்ளே கூடுதல் குண்டுகளை அடைத்த ரகத்தைப் போடுகிறார்கள். சாண்டா குரூஸ் கீழ் லிங்க்கில் கிரீஸ் அடிக்கும் துளையே வைத்திருக்கிறது. சேறு போக உயரழுத்த நீரை நேராகக் கீலில் பீய்ச்சினால் இந்த ஏற்பாடெல்லாம் சில வாரங்களில் வீண்.

அண்மைய அலை உயர்ந்த கீல். கொமென்சால் சுப்ரீம் வண்டிகளில் காண்பதுபோல, முதன்மைக் கீலை மேலே ஏற்றினால் சக்கரம் கல்லில் மோதும்போது பின்னோக்கியும் ஒதுங்கும். மோதலின் கூர்மை குறைந்து ஃபிரேமுக்கும் நிம்மதி. ஆனால் சக்கரம் பின்னால் போகப்போகச் செயின் இழுபட்டுப் பெடலை உதைக்கும். செயினைக் கீலின் அருகே ஓடவிட ஐட்லர் என்னும் பற்சக்கரத்தைச் சேர்த்து அதைச் சமாளிக்கிறார்கள். ஐட்லர் தேயும், சேற்றில் அரைக்கும், கொஞ்சம் சக்தியைத் தின்னும். இறக்கத்துக்கு மட்டுமான வண்டியில் இந்தக் குறை பொறுக்கத்தக்கதே. செயினின் இழுப்பு எவ்வளவு பெரிய இடையூறு என்ற கேள்வியை 2015இல் லியோகாங் உலகக் கோப்பை கூர்மையாக்கியது: தொடக்கத்திலேயே செயின் அறுந்த ஆரன் குவின் பெடல் மிதிக்க வழியின்றியே வென்றார். ஒரே ஓட்டத்தை வைத்துக் கோட்பாடு கட்ட முடியாது. ஆனாலும் செயினிலிருந்து விடுபட்ட சஸ்பென்ஷன் நன்றாக வேலை செய்யும் என்பதற்கு அதைவிடப் பிரபலமான சாட்சி இல்லை.

பொருளில் கார்பன் பெரும்பாலும் வென்றுவிட்டது. களைப்பைத் தாங்குவதில் அது அலுமினியத்தை மிஞ்சும். ஆனால் டவுன் டியூபில் ஒரு கூர்ங்கல் பட்டால் உள்ளடுக்குகள் பிரிந்தும் வெளியே கீறல் மட்டுமே தெரியலாம். கொமென்சால் அலுமினியத்திலேயே நின்று, அமோரி பியரோன் மூலம் 2018 உலகக் கோப்பைப் பட்டத்தை எடுத்தது. அதர்டன் நிறுவனம் டைட்டானியத்தில் அச்சிட்ட மூட்டுகளில் கார்பன் குழாய்களை ஒட்டுகிறது. வெல்டும் இல்லை, அதைச் சூழ்ந்த பலவீனமும் இல்லை. 2023இல் ஃபோர்ட் வில்லியத்தில் சார்லி ஹாட்டன் அதில் உலகச் சாம்பியனானார். விலைதான் எட்டாத உயரம்.

இந்த வெற்றிகள் ஆயுளுக்குச் சான்றாகா. பந்தய ஓட்டம் மூன்று முதல் ஐந்து நிமிடம். அணியின் மெக்கானிக் ஒவ்வொரு வாரமும் வண்டியைப் பிரித்துப் பார்க்கிறார். விஸ்லர் போன்ற பைக் பார்க்கில் லிஃப்டில் ஏறி நாள் முழுவதும் இறங்கும் சாதாரண வாடிக்கையாளரின் ஃபிரேம் ஒரே கோடையில் அதைவிட அதிக அடி வாங்கும். சோதனைத் தரமும் இந்த இடைவெளியை முழுதாக நிரப்பவில்லை. ஐ.எஸ்.ஓ. 4210 மலைச்சைக்கிள் ஃபிரேமுக்குப் பெடல் விசையை 1,00,000 சுற்றும், கிடைமட்ட விசையை 50,000 சுற்றும் கேட்கிறது. சஸ்பென்ஷன் உள்ள ஃபிரேமில் ஷாக்கை அசையாமல் இறுக்கியோ, அதன் இடத்தில் விறைப்பான தண்டை வைத்தோ இவை நடக்கின்றன. குழாய்க்கும் வெல்டுக்கும் இது நேர்மையான தேர்வு. கீலின் தேய்மானமும், ஷாக் முட்டும்போது விழும் அடியும், ஆடத் தொடங்கிய பேரிங்கால் ஏறுமாறாகப் பகிரப்படும் சுமையும் அதில் அகப்படுவதில்லை. எஃப்பே போன்ற ஜெர்மானியச் சோதனைக்கூடங்கள் டவுன்ஹில் வகைக்கெனக் கடுமையான தேர்வுகளை வைத்திருக்கின்றன; அவற்றுக்கு ஃபிரேமை அனுப்புவது தயாரிப்பாளரின் விருப்பம். வாங்குபவர் கையில் மிஞ்சுவது உத்தரவாதச் சீட்டு. ஆயுள் முழுவதும் பேரிங் இலவசம் என்று சொல்லும் நிறுவனம் தாராளமானதுதான்; பேரிங் தேய்ந்தே தீரும் என்பதையும் அது சேர்த்தே ஒப்புக்கொள்கிறது. பேரிங் ஆடுவதைக் கவனிக்காமல் ஒரு பருவம் ஓட்டினால் துளையே முட்டைவடிவமாகிவிடும். அதற்குப் பிறகு புது பேரிங் போட்டும் பயனில்லை, ஸ்விங்ஆர்மையே மாற்ற வேண்டும்.