பெயரும் பெறுபேறும்: அவுஸ்திரேலிய இளையோர் நாவல்கள் இரண்டில் தன்னடையாளமும் கல்வி நெருக்கடியும்

1. அறிமுகம்

பதின்ம வயதினரை முதன்மைப் பாத்திரங்களாகவும் முதன்மை வாசகராகவும் கொண்ட புனைகதையை ஆங்கில இலக்கிய உலகம் ஒரு தனி வகையாகப் பேணி வருகிறது. 1967இல் வெளிவந்த எஸ். ஈ. ஹின்ரனின் 'த அவுட்சைடர்ஸ்' நாவலை இவ்வகையின் தொடக்கமாகக் கொள்வோர் பலர். இக்கட்டுரை இதனை 'இளையோர் புனைகதை' எனக் குறிக்கின்றது. இவ்வகைக்குள், புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளின் பள்ளி வாழ்வைக் கூறும் நாவல்கள் குறிப்பிடத்தக்க ஒரு கிளையாக வளர்ந்துள்ளன. அவற்றைப் பற்றிய பொதுவான வாசிப்பு ஒன்று உண்டு. பிள்ளை சுதந்திரத்தை நாடுகிறது. பெற்றோர் பெறுபேற்றை நாடுகின்றனர். இரண்டும் மோதுகின்றன என்பதே அது.

மெலினா மார்ச்செற்றாவின் 'லுக்கிங் ஃபோர் அலிபிராண்டி' (1992), அலிஸ் பங்கின் 'லொரிண்டா' (2014) ஆகிய இரு நாவல்களை முன்வைத்து அவ்வாசிப்பு போதாது என நிறுவ இக்கட்டுரை முற்படுகின்றது. இவ்விரு நாவல்களிலும் நெருக்கடியின் ஊற்று வீட்டில் மட்டும் இல்லை. அது பள்ளியிலும், வர்க்கத்திலும், பிறருடைய தாராள மனத்திலும் உள்ளது. இவ்வுண்மை புலம்பெயர் தமிழரின் கல்விப் பண்பாட்டைப் பற்றியும் சில வினாக்களை எழுப்புகின்றது. அவ்வினாக்கள் கட்டுரையின் இறுதிப் பகுதியில் ஆராயப்படுகின்றன.

2. பரீட்சை நாவலின் முன்மாதிரி

பரீட்சையைக் கதையின் அச்சாகக் கொள்ளும் மரபு இளையோர் புனைகதைக்கு முந்தியது. ஹேர்மன் ஹெஸ்ஸேயின் 'உன்ரர்ம் ராட்' 1906இல் நூலாக வெளிவந்தது. 'சக்கரத்தின் அடியில்' என்பது அத்தலைப்பின் பொருள். சிறுநகரத்துச் சிறுவனான ஹான்ஸ் கீபன்ராத் மாநிலப் பரீட்சையில் இரண்டாமிடம் பெற்று மவுல்புரொன் மடத்துப் பள்ளியில் சேர்கிறான். அவனுடைய வீழ்ச்சி தோல்வியிலிருந்து தொடங்கவில்லை, வெற்றியிலிருந்தே தொடங்குகிறது. பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, இயந்திரத் தொழிலாளியிடம் பயிலுநனாகச் சேர்ந்து, இறுதியில் ஆற்றில் மூழ்கி இறக்கிறான். 1892இல் ஹெஸ்ஸேயே மவுல்புரொன்னிலிருந்து தப்பியோடியவர்.

இந்நாவல் இரண்டு காரணங்களுக்காக இங்கு நினைவுகூரத்தக்கது. முதலாவது, தந்தை, தலைமையாசிரியர், மதகுரு, ஊர் என அனைவரும் நல்லெண்ணத்துடனேயே ஹான்ஸை நெருக்குகின்றனர். கொடியவர் எவருமின்றியே கொடுமை நிகழ்கிறது. இரண்டாவது, ஹெஸ்ஸேயின் கதையில் இயந்திரத் தொழில் ஒரு வீழ்ச்சி. எண்பத்தாறு ஆண்டுகளின் பின் மார்ச்செற்றாவின் நாவலில் அதே தொழில் முற்றிலும் வேறொரு பொருளில் திரும்பி வருவதைக் காணலாம்.

தமிழிலும் ஏறத்தாழ அதே காலத்தில் இவ்வகைக் குரல் எழுந்தது. திருநெல்வேலியில் தாம் பெற்ற ஆங்கிலக் கல்வியைப் பாரதியார் தமது 'சுயசரிதை'யில் கசப்புடன் மதிப்பிட்டார். தந்தையின் செலவையும் தமக்கு நேர்ந்த இழப்பையும் அருகருகே வைத்து அவர் கணக்குப் பார்க்கிறார். பிள்ளையின் பக்கம் நின்று பள்ளியை விசாரிக்கும் அம்மரபை நமது புனைகதை போதிய அளவு வளர்த்தெடுக்கவில்லை.

3. 'லுக்கிங் ஃபோர் அலிபிராண்டி': பொய்த்த பெயரும் மெய்யான வினாவும்

ஜோசபின் அலிபிராண்டி பதினேழு வயதினள்; இத்தாலிய வம்சாவளியினள்; சிட்னியிலுள்ள கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியொன்றில் உதவித்தொகை பெற்றுப் படிப்பவள். சட்டம் பயில விரும்புகிறாள். அவளுடைய தாய் கிறிஸ்ரினா மணமாகாமலே அவளைப் பெற்றவள். பன்னிரண்டாம் வகுப்பின் இறுதிப் பரீட்சையான உயர்நிலைச் சான்றிதழ்ப் பரீட்சைக்குரிய ஓராண்டே நாவலின் காலம். அவ்வாண்டிலேயே, அதுவரை கண்டிராத தந்தையான மைக்கல் அன்ட்ரெற்றி அவள் வாழ்வில் நுழைகிறார்.

மார்ச்செற்றா பதினைந்து வயதில் பள்ளியை விட்டு விலகியவர். பின்னர் ஆசிரியராகப் பணிபுரிந்தவர். பள்ளியை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் காணும் பார்வை நாவலின் தன்மைக் கூற்றில் தெளிவாகத் தெரிகிறது. அவுஸ்திரேலியச் சிறுவர் நூல் மன்றம் 1993இல் மூத்த வாசகருக்கான சிறந்த நூலாக இதனைத் தெரிவுசெய்தது. 2000இல் இது திரைப்படமாகவும் வந்தது.

நாவலின் நடுவே இருப்பது பெயர் பற்றிய வினா. பாட்டி கற்றியாவின் கடந்தகாலம் வெளிப்படும்போது, கிறிஸ்ரினா அலிபிராண்டி என்பவரின் மகளே அல்லள் என்பது தெரியவருகிறது. மார்க்கஸ் சான்ட்ஃபோர்ட் என்னும் அவுஸ்திரேலியரே கிறிஸ்ரினாவின் தந்தை. ஆகவே, தலைப்பு தேடச் சொல்லும் பெயர் கதாநாயகிக்கு இரத்த உறவால் உரியதன்று. குடும்ப மானத்தைக் காக்கவென்று மகளையும் பேத்தியையும் கண்டித்து வந்த பாட்டியின் கண்டிப்பு, தன் இரகசியம் பற்றிய அச்சத்திலிருந்து பிறந்தது என்பதும் அப்போதே புலனாகிறது. தலைமுறை மோதலாகத் தோன்றியது மூன்று பெண்களுக்குப் பொதுவான ஒரு காயமாக மாறுகிறது. தான் யார் என்பதைப் பெயர் தீர்மானிக்காது, தன் உணர்வே தீர்மானிக்கும் என்ற முடிவுக்கு ஜோசபின் வரும்போது, அம்முடிவை நாவல் உழைத்தே பெற்றிருக்கிறது.

கல்வி நெருக்கடியைப் பொறுத்தவரை, நாவலின் துணிச்சலான தெரிவு ஜோன் பார்ற்றனின் மரணம். புலம்பெயர் குடும்பத்துப் பிள்ளை அல்லன் இறப்பது. செல்வமும் செல்வாக்கும் உள்ள அரசியல்வாதியின் மகன், எல்லாம் அமைந்தவன் எனப் பிறர் கருதியவன், பரீட்சை ஆண்டின் பிற்பகுதியில் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். ஜோசபினுக்குத் தன் எதிர்காலத்தைத் தெரிவுசெய்யும் வாய்ப்பாவது உண்டு. ஜோனுக்கு அது பிறப்புக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டுவிட்டது. நெருக்கடியை இனப் பண்பாகக் காட்டும் வழக்கத்தை மார்ச்செற்றா இவ்வாறு உடைக்கிறார்.

அரசுப் பள்ளி மாணவனான ஜேக்கப் கூற் இயந்திரத் தொழிலாளியாக விரும்புவதும் இவ்வொழுங்கிலேயே வைத்து நோக்கத்தக்கது. ஹான்ஸுக்குத் தண்டனையாக வந்த தொழில் ஜேக்கப்புக்கு விருப்பமாக அமைகிறது. ஆனால் ஜோசபினால் அவ்விருப்பத்தை எளிதில் மதிக்க முடியவில்லை. தன்னை இழிவாக நோக்கும் சமூகத்தைக் கண்டிக்கும் அவளே, பட்டமில்லாத தொழிலை இழிவாக நோக்குகிறாள். கதாநாயகியின் இக்குறையை ஆசிரியர் மறைக்காதது நாவலின் நேர்மைக்குச் சான்று.

குறையும் உண்டு. ஜோனின் அகவுலகு அவன் எழுதிக் கொடுத்த ஒரு தாளின் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. அவனுடைய மரணம் பெரும்பாலும் ஜோசபினின் முதிர்ச்சிக்கான படியாகவே பயன்படுகிறது. நாவலின் மிகக் கனமான நிகழ்வுக்குரியவன் அதன் மிக மெலிந்த பாத்திரமாக நின்றுவிடுகிறான்.

4. 'லொரிண்டா': கொடை என்னும் நெருக்கடி

அலிஸ் பங் மெல்பேணின் ஃபுற்ஸ்கிறேயில் 1981இல் பிறந்தவர். கம்போடியாவிலிருந்து அகதிகளாக வந்த சீன வம்சாவளிப் பெற்றோரின் மகள். 'லொரிண்டா' அவரது முதல் நாவல். 1990களின் நடுப்பகுதி கதையின் காலம். லூசி லாம் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி, வசதி படைத்தோருக்கான பெண்கள் கல்லூரியொன்றின் முதலாவது 'சமவாய்ப்பு' உதவித்தொகையைப் பெறுகிறாள். தந்தை தொழிற்சாலைத் தொழிலாளி. தாய் வீட்டு வாகனக் கொட்டகையில் இருந்து கூலிக்குத் துணி தைப்பவள், ஆங்கிலம் அறியாதவள்.

இங்கே நெருக்கடியை முதன்மையாகச் செலுத்துவோர் பெற்றோர் அல்லர். கொடை அளித்த பள்ளியே. நன்றியுடையவளாக இரு, முன்னேறிக் காட்டு, எங்கள் தாராளத்துக்குச் சான்றாக நில் என்பதே அப்பள்ளியின் சொல்லாத கட்டளை. ஆசிரியைகளையே அவமானப்படுத்தும் துணிவு கொண்ட மூன்று மாணவியர், 'கபினெற்' என்னும் பெயரில் பள்ளியை ஆள்கின்றனர். அவர்கள் லூசியை விலக்கவில்லை, அணைத்துக்கொள்ள முயல்கின்றனர். விலக்கலைவிட அணைப்பு ஆபத்தானது என்பதைப் பங் நன்கு உணர்ந்திருக்கிறார். லூசி அதற்கு மௌனத்தையே விடையாகத் தருகிறாள். பள்ளி அம்மௌனத்தைக் குறைபாடாகக் கருதி, அவளைத் தனியாக ஆங்கிலப் பயிற்சிக்கு அனுப்புகிறது.

நாவலின் வடிவமே அதன் பொருள். லூசி தன் அனுபவங்களை லின் என்னும் தோழியை முன்னிலைப்படுத்திக் கூறுகிறாள். லின் துடுக்கானவள், அஞ்சாதவள், பழைய சூழலைச் சேர்ந்தவள். லின் வேறொருத்தி அல்லள், லூசி விட்டுவந்த அவளே என்பது இறுதியில் தெரிகிறது. இதனை வெறும் கதைத் திருப்பமாகக் கொள்வது பிழை. புதிய பள்ளியில் ஏற்கப்படுவதற்காக ஒருத்தி தன்னில் ஒரு பாதியை நாட்டுக்கு அப்பால் அன்று, சில புகையிரத நிலையங்களுக்கு அப்பால் விட்டுவர வேண்டியிருக்கிறது. புலப்பெயர்வு என்பது கடல் கடத்தல் மட்டுமன்று என்பதை இவ்வளவு சிக்கனமாக உணர்த்திய நாவல்கள் குறைவு.

நாவலின் வலுவின்மை கபினெற் மாணவியர் மூவரிலும் உள்ளது. அவர்கள் ஆள்களாக வளராமல் வகைமாதிரிகளாகவே நிற்கின்றனர். தாயின் தையல் இயந்திரத்துக்குக் கிடைத்த நுண்மை அவர்களின் வரவேற்பறைகளுக்குக் கிடைக்கவில்லை.

5. தமிழ் வாசிப்புக்குரிய வினாக்கள்

இந்நாவல்களைத் தமிழ் மாநாடொன்றில் ஏன் பேச வேண்டும்? முதற் காரணம், கல்வி பற்றிய நமது மரபுரைகளை நாம் எப்போதும் பெற்றோரின் செவியாலேயே கேட்டு வந்திருக்கிறோம் என்பது. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியனின் புறநானூற்றுப் பாடல் (183) கல்வியின் சிறப்புக்கு நாம் ஓயாது காட்டும் மேற்கோள். ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளிடையேயும் கல்விச் சிறப்பால் தாயின் மனம் வேறுபடும் என்பது அப்பாடலின் கூற்றுகளுள் ஒன்று. மேடையிலிருந்து கேட்போருக்கு அது ஊக்கவுரை. கல்லாத பிள்ளையின் இடத்திலிருந்து கேட்டால், அன்புக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. பிறப்பை மீறிக் கல்வி உயர்த்தும் எனக் கூறும் அதே பாடலில் இவ்விரண்டாம் குரலும் உள்ளது. இளையோர் புனைகதை நமக்குப் பழக்கக்கூடியது அக்குரலைக் கேட்கும் செவியையே.

இரண்டாவது காரணம் வரலாறு சார்ந்தது. ஈழத்தமிழ்ப் பெற்றோரின் பரீட்சைப் பற்றை வெறும் பேராசையாகக் காட்டும் கதை பொய்யான கதையாகவே அமையும். 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் நடைமுறைக்கு வந்த தரப்படுத்தல், மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளுக்குத் தமிழ்மொழி மூல மாணவர் கூடுதல் புள்ளி பெற வேண்டிய நிலையை உருவாக்கியது. சில புள்ளிகள் ஒரு வாழ்வைத் திசைமாற்றியதைக் கண்ட தலைமுறையே பின்னர் சிட்னியிலும் மெல்பேணிலும் ரொறன்ரோவிலும் பெற்றோராயிற்று. காணியையும் வீட்டையும் இழந்தவர்க்குப் பறிக்க முடியாத உடைமையாகப் பட்டமே எஞ்சியது. பாட்டி கற்றியாவின் கண்டிப்புக்குப் பின்னால் ஓர் அச்சம் இருந்ததுபோல, இக்கண்டிப்புக்குப் பின்னாலும் ஓர் அச்சம் உண்டு. அதனைச் சொல்லாமல் மறைப்பதாலேயே பிள்ளைக்கு அது கொடுங்கோன்மையாகத் தோன்றுகிறது.

மூன்றாவது காரணம் மொழி சார்ந்தது. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களின் பள்ளியிறுதிப் பரீட்சைகளில் தமிழும் ஒரு பாடம். பல்லாண்டு முயற்சியால் கிடைத்த இவ்வாய்ப்பு பெருமைக்குரியது. ஆயினும் இதற்கு ஒரு விலை உண்டு. அங்குள்ள பிள்ளைக்குத் தமிழ், பெறுபேற்றுக்குரிய இன்னொரு பாடமாகிவிடுகிறது. தன் நெருக்கடியை வெளியிடுவதற்கு ஆங்கிலமும், நெருக்கடியின் ஒரு பகுதியாகத் தமிழும் என்ற பாகுபாடு உருவாகிவிட்டால், பதினெட்டாம் வயதில் பரீட்சையோடு மொழியும் முடிந்துவிடும்.

சியாம் செல்வதுரையின் 'சுவிம்மிங் இன் த மொன்சூன் சீ' (2005) இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1980இன் கொழும்பில், பதினான்கு வயது அம்ரித்தின் தன்னறிதலைக் கூறும் அந்நாவல், நம்மிடையே பேசத் தயங்கும் ஒரு விருப்பத்தை அமைதியாகப் பேசியது. அதுவும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. இளையோரின் அந்தரங்கத்தைத் தாங்கும் உரைநடையை அவர்களுக்காகத் தமிழில் உருவாக்குவது, பாடத்திட்டம் அமைப்பதற்கு நிகரான மொழிப்பணி.

6. முடிவுரை

இரு நாவல்களும் பெற்றோரைக் குற்றவாளிகளாக்கி முடியவில்லை. பரீட்சையை வென்றதாகக் கொண்டாடியும் முடியவில்லை. ஜோசபின் தன் பெயருக்குப் புதிய பொருள் காண்கிறாள். லூசி தான் விட்டுவந்தவளை மீண்டும் தன்னுள் சேர்த்துக்கொள்கிறாள். ஜோன் பார்ற்றனுக்கு மட்டும் அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. அவனுடைய வெற்றிடமே இவ்வகை நாவல்களை நாம் பொழுதுபோக்கு வாசிப்பாக ஒதுக்க முடியாததற்குக் காரணம்.

தமிழியல் ஆய்வு சங்க இலக்கியத்துக்கும் நவீன நாவலுக்கும் அளிக்கும் கவனத்தில் ஒரு பங்கையேனும் இளையோர் புனைகதைக்கு அளித்தல் வேண்டும். மேற்கூறிய இரு நாவல்களின் தமிழாக்கம் அதற்கு ஒரு நல்ல தொடக்கமாக அமையும். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் உயர் வகுப்புகளில், புள்ளி வழங்கப்படாத ஒரு மணி நேரத்தை இத்தகைய நூல்களின் வாசிப்புக்கு ஒதுக்குவது அடுத்த படி. தமிழில் வாசிப்பது மதிப்பிடப்படாத செயலாகவும் இருக்கலாம் என்பதைப் பிள்ளைகள் அங்கேதான் முதன்முதலாக அறிவர்.