சைலன்சர் கச்சேரி

டிசம்பர் வந்தால் சபா சபாவாக ஏறி இறங்கி, மைக் சரியில்லை, மிருதங்கம் கொஞ்சம் தூக்கல் என்று எழுத ஆட்கள் இருக்கிறார்கள். வருஷம் முழுக்க, டிக்கெட் இல்லாமல், ராத்திரி பதினொன்றரை மணிக்கு உங்கள் ஜன்னலுக்குக் கீழே நடக்கிற கச்சேரியை மட்டும் யாரும் விமர்சிப்பதில்லை. திட்டுகிறோம், ஜன்னலைச் சாத்துகிறோம், மிஞ்சிப்போனால் போலீஸுக்குப் போன் செய்கிறோம். 'ஆல்டர்' பண்ணின பைக்கும் ஒருத்தர் கை வைத்துச் செய்த வேலைதானே? நல்ல வேலையா, மட்டமான வேலையா என்று ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டாமா?

எடுத்துக்கொள்ள வேண்டிய வித்வான் யார் என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இருக்காது. யமஹா ஆர்எக்ஸ் 100. எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோடு கை கோத்து 1985 கடைசியில் கொண்டுவந்த வண்டி. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், நாலு கியர், 11 குதிரைசக்தி, எடை நூறு கிலோவை ஒட்டி. 1996ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பிறந்த பையன்கள்தான் இன்றைக்கு லட்சத்துக்கு மேல் கொடுத்து அதைத் தேடிப் பிடிக்கிறார்கள். பிடித்த கையோடு மெக்கானிக்கிடம் போகிறார்கள்.

"அண்ணா, சவுண்டு நல்லா கெத்தா வரணும்ணா."

"வரும்டா தம்பி. மைலேஜ் கேக்காத."

இந்த இரண்டு வரியில் மெக்கானிக் அண்ணன் உண்மையைச் சொல்லிவிட்டார். பையன் காதில்தான் விழவில்லை. எதையாவது கொடுக்காமல் எதையும் வாங்க முடியாது என்பது இன்ஜின் வேலையில் முதல் விதி.

கொஞ்சம் விஞ்ஞானம். பயப்படாதீர்கள், இரண்டே பாராதான்.

இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் புகை வெளியே போக வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதுவே திறந்து மூடும். எரிந்த புகை வெளியே போகிற அதே சமயத்தில் புதுப் பெட்ரோல் காற்று உள்ளே வருகிறது. பின்வாசலும் முன்வாசலும் ஒன்றாகத் திறந்திருக்கிற வீடு மாதிரி. புகையோடு சேர்ந்து புதுப் பெட்ரோலும் வெளியே ஓடிவிடாமல் யார் தடுப்பது? சைலன்சர்தான். புகை ஒரு அழுத்த அலையாகக் குழாயில் பாய்கிறது. குழாய் விரிகிற இடத்தில் ஒரு உறிஞ்சும் அலை திரும்பிப் போய் மிச்சப் புகையை இழுக்கிறது. குழாய் குறுகுகிற இடத்தில் ஒரு தள்ளும் அலை திரும்பிப் போய், தப்பித்து ஓடப் பார்த்த புதுப் பெட்ரோலை மறுபடி சிலிண்டருக்குள்ளே தள்ளுகிறது. அதே நேரத்தில் பிஸ்டன் கதவைச் சாத்துகிறது.

7,500 சுற்றில் இன்ஜின் விநாடிக்கு 125 தடவை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடி. அதில் ஏறக்குறைய பாதி நேரம்தான் புகைக்கதவு திறந்திருக்கும். அதற்குள் அலை போய்விட்டுத் திரும்ப வேண்டும். அதனால் குழாயின் நீளம், விரிவு, குறுகல் எல்லாம் கணக்குப் போட்டு வைத்தது. வெளியே பார்த்தால் குரோமியம் பூசின குழாய். உள்ளே அது நாதஸ்வரம் மாதிரி அளவெடுத்த கருவி. பெயர்தான் தப்பாக 'சைலன்சர்' என்று அமைந்துவிட்டது. சத்தத்தை அடக்குவது அதன் உபதொழில்.

இப்போது நம் தெருவுக்கு வாருங்கள். சைலன்சரின் வாலை வெட்டி உள்குழாயை உருவி எறிந்துவிட்டால், அல்லது கையில் கிடைத்த வேறு குழாயை வளைத்து மாட்டிவிட்டால், என்ன ஆகும்? அலை தப்பான நேரத்தில் திரும்பும், அல்லது திரும்பவே திரும்பாது. புதுப் பெட்ரோல் பாதி எரியாமலே ரோட்டுக்குப் போகும். சத்தம் கூடும். பையன் அதை வேகம் என்று நினைத்துக்கொள்வான். நீங்கள் படுக்கையிலிருந்து எழுந்து கேட்கிற அந்த அலறலில் கணிசமான பங்கு, வேலைக்குப் போகாமல் தப்பித்து ஓடுகிற சக்தி. சங்கீத பாஷையில் சொன்னால், சுருதி விலகினதை மறைக்க மைக்கைக் கூட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குழாயின் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது, எம்.ஜி.ஆர். படம் எடுக்கலாம் போன்ற கதை. கிழக்கு ஜெர்மனியில் சோபாவ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே எம்இசட் கம்பெனி. அதன் ரேஸ் பிரிவில் வால்டர் காடன். இரண்டாம் உலகப் போரில் பீனமுண்டே ராக்கெட் தளத்தில் வேலை பார்த்தவர். பணம் கிடையாது, நல்ல உலோகம் கிடையாது. ஆஸிலோஸ்கோப்பை வைத்துக்கொண்டு புகைக்குழாயில் அலை எப்படிப் போய்வருகிறது என்று வருஷக்கணக்கில் பார்த்தார். 1961ல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைசக்தி கொடுத்தது. லிட்டருக்கு 200. சூப்பர்சார்ஜர் இல்லாமல் அதுவரை உலகத்தில் எந்த இன்ஜினும் தொடாத கணக்கு.

அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1961 செப்டம்பர், ஸ்வீடன் கிராண்ட் ப்ரீ. உலக சாம்பியன் பட்டத்துக்கு முன்னணியில் இருக்கிறார். பெர்லின் சுவர் எழுந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கிறது. அந்த வார இறுதியில் அவர் மனைவியும் இரண்டு குழந்தைகளும் ஒரு காரின் டிக்கியில் ஒளிந்து எல்லையைத் தாண்டுகிறார்கள். ரேஸில் இன்ஜின் பழுதாகி நின்றது. டெக்னர் எம்இசட் கூடாரத்துக்குத் திரும்பவில்லை; டென்மார்க் வழியாக மேற்கு ஜெர்மனி போய், பிறகு ஜப்பானில் ஹமாமட்சு போய்ச் சேர்ந்தார். சுசுகி கம்பெனி இருக்கிற ஊர். தலைக்குள் காடனின் ரகசியம். அதுவரை உலகப் போட்டியில் பெயர் சொல்லும்படி எதுவும் சாதிக்காத சுசுகி, அடுத்த வருஷமே 50 சிசி உலகப் பட்டத்தை டெக்னரை வைத்து வென்றது. 50 சிசி! நம் ஊர் மொபெட் அளவு இன்ஜின். அதே சுசுகியோடு சேர்ந்து 1984ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 100 சிசி டூ ஸ்ட்ரோக் பைக் விட்டது. ஒரு மனுஷன் குடும்பத்தைப் பணயம் வைத்துக் கடத்தின விஷயம் இது. அதன் வாரிசைத்தான் நம் பையன்கள் ஆக்ஸா பிளேடால் அறுக்கிறார்கள்.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். 1961லேயே லிட்டருக்கு 200 என்றால், 98 சிசி ஆர்எக்ஸில் 20 குதிரைசக்தி வந்திருக்கலாமே? 24 வருஷம் கழித்து ஏன் 11 மட்டும் கொடுத்தார்கள்? யமஹாக்காரனுக்குத் தெரியாதா?

நன்றாகத் தெரியும். எம்இசட் இன்ஜின் பத்தாயிரம் சுற்றுக்கு மேலே பிரமாதம், கீழே ஒன்றுமில்லை. உங்கள் வண்டி பனிக்காலத்தில் காலையில் உதைத்தவுடன் கிளம்ப வேண்டும். பின்னால் வீட்டம்மா, டேங்க்கில் குழந்தை, கால் நடுவில் அரிசிப் பை என்று சைதாப்பேட்டை சிக்னலில் ஊர்ந்து, பாலம் ஏற வேண்டும். மெக்கானிக் கையில் சிக்கியும் பல வருஷம் ஓட வேண்டும். மிச்சம் 9 குதிரைசக்தியை இதற்கெல்லாம் விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். அந்த விட்டுக்கொடுத்தலில் இருக்கிற புத்திசாலித்தனம்தான் ஆர்எக்ஸ் 100. நாற்பது வருஷம் கழித்தும் ஓடுகிறதே.

ரேஸ் ட்யூனிங்கை நான் மட்டம் தட்டவில்லை. நல்ல கையில் அது உயர்ந்த வித்தை. சென்னைக்கு அதில் பெரிய பரம்பரையே உண்டு. உலகப் போர்க்கால விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தைப் பற்றி உங்கள் பெரியப்பாவிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது. அங்கே டூ ஸ்ட்ரோக் தயார் செய்கிறவர், சிலிண்டரின் புகைக்கதவை அரை மில்லி, ஒரு மில்லி என்று அளந்து தேய்த்து உயர்த்துவார். லேத்தில் கொடுத்து ஹெட்டைச் செதுக்கிக் கம்ப்ரஷன் ஏற்றுவார். அதற்கேற்ற குழாய், அதற்கேற்ற ஜெட், அதற்கேற்ற ஸ்பிராக்கெட். ஓட்டிவிட்டு வந்தவுடன் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். வெளுத்திருந்தால் முகம் சுருங்கும். ரேஸ் முடிந்தால் இன்ஜினைப் பிரித்துவிடுவார். அந்த இன்ஜினின் ஆயுளை மணிக்கணக்கில்தான் எண்ணுவார்கள். அது தெரிந்தே செய்கிற வேலை. டிராக்கில் ஓட்டுகிறவன் தோல் சட்டை போட்டிருக்கிறான், ஆம்புலன்ஸ் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். தண்ணி லாரி எதிரே வராது.

தெரு ஆல்டரேஷன் இந்த வித்தையிலிருந்து ஒரே ஒரு உறுப்பை மட்டும் திருடிக்கொள்கிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிகிறார்கள், காற்று கூடுகிறது. ஜெட்டை மாற்றுவதில்லை, பெட்ரோல் கூடவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போய்த்தான் வேலை செய்கிறது. பிஸ்டனைக் கொஞ்சம் குளிர வைப்பதும் அந்தப் பெட்ரோல்தான். அது குறைந்தால் பிஸ்டன் சூடேறி வீங்கி சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். மெக்கானிக்குகள் 'சீஸ் ஆயிடுச்சு' என்று சாதாரணமாகச் சொல்வார்கள். எண்பதில் போகும்போது சீஸ் ஆனால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கிளட்சைப் பிடிக்க ஒரு கணம் கிடைக்கும், பழகினவனுக்கு. பழகாதவனுக்கு அதுவும் இல்லை.

பிரேக் விஷயத்துக்கு வந்தால் எனக்குக் கோபமே வருகிறது. ஆர்எக்ஸ் 100க்கு முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக். 11 குதிரைக்காக வைத்தது. பழைய வண்டியில் டிரம் தேய்ந்து முட்டை வடிவத்தில் இருக்கும். இன்ஜினுக்கு இருபதாயிரம், பெயின்ட்டுக்குப் பத்தாயிரம், ஸ்டிக்கருக்கு ஆயிரம் செலவு செய்கிறவன், புது பிரேக் ஷூ மாட்டச் சொன்னால் 'அப்புறம் பாத்துக்கலாம்ணா' என்கிறான். மெரினாவிலும் ஈசிஆரிலும் ராத்திரியில் பேரிகார்டு வைத்துப் போலீஸ் பிடிக்கிற வண்டிகளை விடிந்ததும் ஸ்டேஷன் வாசலில் போய்ப் பாருங்கள். முன்டயரில் பட்டன் தெரிகிறதா என்று பாருங்கள். சைலன்சர் மட்டும் பளபளக்கும்.

சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை அழுத்திச் சொன்னது. இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் 2020 ஏப்ரலிலிருந்து பெட்ரோலைக் கம்ப்யூட்டர்தான் அளந்து ஊற்றுகிறது. புகைக்குழாயில் சென்சார், புகையைச் சுத்தம் செய்ய கேட்டலிடிக் கன்வர்ட்டர். சைலன்சரை மாற்றினால் கம்ப்யூட்டர் குழம்பி விளக்கை எரிய விடும். பையன் அதன் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி விடுவான்.

நல்ல ஆல்டரேஷனே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. சத்தம் போடாததால் உங்கள் கண்ணில் படவில்லை. மலையடிவார ஊர்களில் முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் போடுவார்கள். உச்ச வேகம் குறையும், ஏற்றத்தில் இழுவை கூடும். செலவு சொற்பம். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றி வருகிற டிவிஎஸ் எக்ஸ்எல்லின் பின் கேரியரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். எங்கே வெல்டிங், எங்கே போல்ட், எடை எந்த இடத்தில் இறங்குகிறது என்று யோசித்துச் செய்த வேலை. கல்லூரியில் படித்து வந்ததில்லை. புதுப்பேட்டையில் பழைய இரும்பைப் புரட்டிப் புரட்டி வந்த ஞானம்.

என் ஓட்டு எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்றுக்கு. ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் சேர்த்து, கால் ஊன்ற முடியாதவர்கள் ஓட்டுகிறார்களே, அது. தமிழக அரசு மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கிற பட்டியலில் 'இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்' என்று அதற்குப் பெயர். சட்டமும் அனுமதி வாங்கிச் செய்துகொள்ள வழி வைத்திருக்கிறது. வளைவில் வண்டியைச் சாய்க்க முடியாது. ஹேண்டிலை நேராகத் திருப்பித்தான் ஓட்ட வேண்டும். பக்கத்துச் சக்கரங்கள் கொஞ்சம் உயர்ந்தால் வண்டி ஆடும், தாழ்ந்தால் பின்சக்கரத்துக்குத் தரைப்பிடிப்பு போய்விடும். அந்த உயரத்தைச் சரியாக வைப்பதில் இருக்கிறது மெக்கானிக்கின் கைவரிசை. ஊன்றுகோல் வைக்க ஒரு பக்கம் கொக்கி. சிலர் கூடவே ஒரு பெட்டி வைத்து லாட்டரி காலத்திலிருந்து இன்றைய பூ வியாபாரம் வரை அதிலேயே நடத்திவிட்டார்கள். தெருமுனையில் அப்படி ஒரு வண்டி நின்றால், ஓட்டுகிறவரிடம் 'எந்தக் கடையில போட்டீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். கடையின் பெயர், மெக்கானிக்கின் பெயர், எத்தனை தடவை கொண்டுபோய் உயரம் சரி பார்த்தார் என்பது வரை சொல்வார்.